கூட்டல் கழித்தல் எட்டு

"இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு மாத்திச் சொல்வாங்க. இதுக்குப் பேர்தான் சார் அறிவியல்." தொலைக்காட்சி விவாதங்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் மட்டுமில்லை, நன்றாகப் படித்தவர்கள் கூடும் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையிலும் இந்த வசனம் தவறாமல் காதில் விழுகிறது. சொல்பவர் முட்டையின் மஞ்சள் கருவில் தொடங்குவார். தேங்காய் எண்ணெயைத் தொட்டு, புளூட்டோவுக்காக ஒரு பெருமூச்சு விட்டு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பையே பொய்யாக்கிவிட்டது என்று முடிப்பார். அதற்குப் பிறகு மெதுவாக வருவதுதான் அவர் சொல்ல வந்த சேதி: ஆகவே அவர்கள் சொல்வதும் நாம் காலங்காலமாக நம்பிவருவதும் ஒரே தரம், இரண்டுமே நம்பிக்கை.

இதன் முன்பாதி உண்மை. மாற்றித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதிலிருந்து பின்பாதிக்குத் தாவ வேண்டுமானால், எது மாறியது, எவ்வளவு மாறியது என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தாவ வேண்டும். அப்படித்தான் தாவுகிறார்கள்.

இவர்களுக்கு மிகவும் பிடித்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பிரபஞ்சம் விரியும் வேகம் பற்றி இப்போது ஒரு தகராறு நடந்துவருகிறது. ஹபிள் முரண் என்று பெயர். இயற்பியலே ஆட்டங்கண்டுவிட்டது என்கிற தோரணையில் இதைப் பற்றிக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. விஷயம் இதுதான். பிரபஞ்சத்தின் இளம்பருவத்து ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்குப்படி, ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் நொடிக்கு 67.4 கிலோமீட்டர் வீதம் வெளி விரிய வேண்டும். பிழைவரம்பு கூட்டல் கழித்தல் 0.5. நமக்குப் பக்கத்துக் கேலக்ஸிகளில் உள்ள விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் படிப்படியாக அளந்து ஆடம் ரீஸின் குழு 2022இல் சொன்ன எண் 73.04. அதன் பிழைவரம்பு ஏறத்தாழ 1. பிழைவரம்புகளைச் சேர்த்துப் பார்த்தாலும் இரண்டும் ஒட்டவில்லை.

இந்தத் தகராறின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1929இல் எட்வின் ஹபிள் கொடுத்த எண் ஏறத்தாழ 500. அதை வைத்துக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்துக்கு வயது 200 கோடி ஆண்டு என்று வரும். பூமியின் பாறைகளே அந்த வயதை எட்டிப் பிடிக்கின்றன என்று புவியியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கேயோ தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்று தெரியாது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கை அணைத்துக் கிடந்தது. மற்ற விஞ்ஞானிகள் போர்ப் பணிக்குப் போய்விட, ஜெர்மன் குடிமகன் என்பதால் அதில் சேர்க்கப்படாத வால்டர் பாடேவுக்கு அந்நகரை ஒட்டிய மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியும் அந்த அரிய இருட்டும் வாய்த்தன. ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் மங்கலான நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்த்தார். விண்மீன்களில் இரண்டு இனங்கள் இருப்பது புரிந்தது. தூரம் அளக்கப் பயன்பட்ட செஃபீட் விண்மீன்களிலும் அப்படியே இரண்டு வகை. ஒரு வகைக்கான அளவுகோலை வைத்து இன்னொரு வகையை அளந்திருந்தார்கள். 1952இல் ரோமில் நடந்த மாநாட்டில் பாடே இதை அறிவித்தபோது ஆண்ட்ரோமீடா ஒரேயடியாக இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போயிற்று. பிரபஞ்சத்தின் வயதும் இரட்டித்தது.

ஹபிள் தன் எண்ணின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பதை மறைக்கத் தேவையில்லை. செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்றே தெரியாதவர், அதனால் விளையும் தவறின் அளவை எப்படி எழுதுவார்? பிழைவரம்பே பிழையாகிப் போவதுண்டு. அதைக் கண்டுபிடித்தது யார் என்று மட்டும் பாருங்கள். ஹபிளோடு அதே ஆய்வகத்தில் சம்பளம் வாங்கியவர்.

பிறகும் சண்டை ஓயவில்லை. 1970களில் ஆலன் சாண்டேஜும் குஸ்தாவ் டாமனும் 50ஐ ஒட்டி நின்றார்கள். ஜெரார் த வோகுலர் 100 என்று அடித்துப் பேசினார். ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு. 2001இல் வெண்டி ஃப்ரீட்மன் தலைமையிலான குழு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு அளந்து 72 என்றது. கூட்டல் கழித்தல் 8.

அந்த எட்டில்தான் எல்லாம் இருக்கிறது. 64க்கும் 80க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்று மோதிக்கொள்ளும் 67.4, 73 இரண்டுமே அந்த இடைவெளிக்குள் தாராளமாக அடங்கும். 2001இல் ஹபிள் முரண் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அளவுகோல் அவ்வளவு பருமன். எட்டு, ஒன்றாகவும் அரையாகவும் மெலிந்த பிறகுதான் நடுவில் ஒரு சந்து இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சாண்டேஜும் வோகுலரும் நூறு சதவீத வித்தியாசத்துக்குச் சண்டை போட்டார்கள். இன்று எட்டு சதவீதத்துக்குச் சண்டை. இதைத்தான் 'அடித்தளம் ஆடுகிறது' என்கிறார்கள். ஜேம்ஸ் வெப்பை வைத்து மறுபடி அளந்த ஃப்ரீட்மன் குழு 70ஐ ஒட்டிய எண்ணைச் சொல்கிறது; ரீஸ் குழு 73ஐ விடுவதாக இல்லை. சந்தில் புதிய இயற்பியல் இருக்கிறதா, இன்னொரு செஃபீட் கதை இருக்கிறதா என்பது திறந்த கேள்வி. 500க்குத் திரும்பிப் போவோமா என்பது திறந்த கேள்வி அல்ல.

ஜேம்ஸ் வெப் விவகாரத்துக்கு வருவோம், அது இன்னும் வேடிக்கை. 2022 ஜூலையில் அதன் முதல் படங்கள் வெளியாயின. பெருவெடிப்பு நடக்கவே இல்லை என்று 1991லேயே புத்தகம் போட்டிருந்த எரிக் லெர்னர், அடுத்த மாதமே அந்தப் படங்கள் தன் கட்சியை நிரூபித்துவிட்டதாகக் கட்டுரை எழுதினார். வானியலாளர்கள் பீதியில் உறைந்திருக்கிறார்கள் என்பதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று, ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'பீதி' என்று இருந்தது. அது ஓர் அமெரிக்க ராக் குழுவின் பெயரை வைத்துச் செய்த சிலேடை. தொலைவிலுள்ள கேலக்ஸிகளில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தட்டு வடிவம் தென்படுகிறது என்பதுதான் கட்டுரை. இன்னொரு சாட்சி, கான்சஸ் பல்கலைக்கழக வானியலாளர் ஆலிசன் கர்க்பாட்ரிக். புதிய படங்களைப் பார்த்து, தான் இதுவரை செய்ததெல்லாம் தவறோ என்று தூக்கம் வராமல் யோசிப்பதாக அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். கேலக்ஸிகள் உருவாகும் விதம் பற்றிய அந்தப் பேச்சைப் பெருவெடிப்பின் மரண வாக்குமூலமாக்கிவிட்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் பகிரங்கமாக மறுத்தார். மறுப்புக்கு யார் காணொளி போடுவார்கள்?

படங்களில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது. ஆரம்பக் காலக் கேலக்ஸிகள் மாதிரிகள் சொன்னதைவிடப் பிரகாசமாகவும் அதிகமாகவும் தெரிந்தன. அவற்றில் சில, ஆச்சரியமாகவே நீடிக்கவில்லை. பிரபஞ்சம் பிறந்து 25 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தைச் சேர்ந்தது என்று படத்தின் நிறத்தை வைத்துக் கொண்டாடப்பட்ட ஒரு கேலக்ஸி, நிறமாலையைப் பிரித்துப் பார்த்ததும் சுமார் 120 கோடி ஆண்டுக்குப் பிந்தையது என்று ஆனது. வேறு சில நிறமாலைச் சோதனையிலும் தேறின. 30 கோடி ஆண்டுக்குள் ஒளிர்ந்துகொண்டிருந்த கேலக்ஸிகள் இப்போது சந்தேகத்துக்கு இடமின்றி நம் கையில் இருக்கின்றன. வாயு எவ்வளவு வேகமாக விண்மீனாகிறது, கருந்துளைகள் அவ்வளவு சீக்கிரம் எப்படிப் பருத்தன என்பவை இதனால் கஷ்டத்தில் மாட்டிய கேள்விகள். பெருவெடிப்பு அப்படி மாட்டவில்லை: அதன் மிச்ச ஒளியாக 1965இல் கண்டறியப்பட்ட நுண்ணலைப் பின்னணி 2.7 கெல்வினில் அப்படியேதான் இருக்கிறது. சாதாரணப் பொருளில் எடைக்குக் கால்வாசி ஹீலியம் என்ற கணக்கும் அசையவில்லை. தீராத கேள்வியைக் கேட்பாரற்ற புறம்போக்கு என்று நினைத்து வேலி போட வருகிறார்கள். நான்கு பக்கமும் கல் நட்ட நிலம் அது.

'இருக்கட்டும், அவர்களே புரட்சி புரட்சி என்று கூவுகிறார்களே' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. 2021 ஏப்ரலில் மியூவான் என்ற துகளைப் பற்றி அப்படி ஒரு கூவல் கேட்டது. எலெக்ட்ரானின் கனத்த உறவு அது. காந்தப்புலத்தில் சுழலும்போது அதன் தள்ளாட்டம் கோட்பாடு சொன்ன அளவிலிருந்து ஒரு மயிரிழை விலகியது. அந்த மயிரிழையை அளக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுமார் 15 மீட்டர் அகலமுள்ள ஒரு காந்த வளையத்தை, பிரிக்க முடியாது என்பதால் முழுசாக, 2013இல் நியூயார்க் அருகே உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து கப்பலேற்றி, ஃப்ளோரிடாவைச் சுற்றி, மிசிசிப்பி ஆற்று வழியாகச் சிகாகோ பக்கத்து ஃபெர்மிலாபுக்குக் கொண்டுபோனார்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தால் வளையம் வீண். அளந்த எண்ணுக்கும் கோட்பாட்டுக்கும் இடைவெளி 4.2 சிக்மா, அதாவது பிழைவரம்பைப் போல் 4.2 மடங்கு. புதிய துகள், புதிய விசை என்று உலகப் பத்திரிகைகள் முழங்கின. ஐந்து சிக்மாவைத் தொடாமல் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை என்ற துறை வழக்கம் நான்காம் பத்தியில் எங்கோ இருந்தது.

2025 ஜூனில் இறுதி முடிவு வந்தது. அளவீடு இம்மியும் மாறவில்லை; நூறு கோடியில் 127 பங்கு என்ற துல்லியத்துக்கு இறுகியிருந்தது. மாறியது எதிர்ப்பக்கம். கோட்பாட்டாளர்கள் ஒரு சிக்கலான பகுதியை, பழைய சோதனைத் தரவுகளை நம்பாமல் சூப்பர் கணினிகளில் நேரடியாகக் கணக்கிட்டபோது, இடைவெளி காணாமல் போயிற்று. அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. கோட்பாட்டின் பிழைவரம்பு இப்போது சோதனையின் பிழைவரம்பைவிட நான்கு மடங்கு பெரிது. பழைய தரவுகளும் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் எடுத்த புதிய தரவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. கேள்வி வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. புரட்சி என்று முழங்கியவர்களில் எத்தனை பேர் அது பொய்த்துப்போனதை எழுதினார்கள்? வாசகர் மனதில் நின்றது 2021. அதனால் 'இவர்களே சொன்னார்கள், இவர்களே மறுத்தார்கள்' என்று அவர் நினைப்பதில் தப்பில்லை.

இதில் பல்கலைக்கழகங்களின் செய்திக் குறிப்பு எழுதுவோருக்கும் பங்குண்டு. 2025 ஏப்ரலில், 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளில் உயிரோடு தொடர்புடைய ஒரு வாயு இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. மூன்று சிக்மா. இதைப் 'பக்கத்து உலகத்தில் உயிர்' என்று தமிழ்ப் பத்திரிகைகளும் பந்தி வைத்தன. அதே தரவை எடுத்து வேறு குழுக்கள் ஆராய்ந்தபோது அந்த மூன்றும் தேறவில்லை. எண்ணைச் சொல்லும்போது பிழைவரம்பு என்ற வாலையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். வால் இருந்தால் தலைப்பு போட முடியாது.

வானத்தை விட்டு வயிற்றுக்கு இறங்கினால் எதிர்த்தரப்பின் வாதம் பலமாகிறது. சராசரி மனிதர் ஹபிள் எண்ணால் சலிப்படையவில்லை. டாக்டர் சொன்ன உணவுப் பட்டியலால் சலித்துப்போயிருக்கிறார். அந்தச் சலிப்பு நியாயமானது. வேர்க்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொன்னது. பெற்றோர் கடலையை ஒளித்துவைத்தார்கள். ஒவ்வாமை குறையவில்லை, கூடியது. லண்டனில் கிடியன் லாக் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு இருக்கும் கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளிடம் பத்தில் ஒரு பங்குதான். இஸ்ரேலில் பல் முளைக்கும் பருவத்திலேயே பம்பா என்ற கடலைப் பொரியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். (கடலை மிட்டாயில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு.) கவனித்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடலை கொடுத்து, மறுபாதிக்குத் தவிர்த்து, ஐந்து வயது வரை பின்தொடர்ந்தார். 2015இல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்.

ஆலோசனை தலைகீழாயிற்று. குழந்தைகள் பட்ட அவதிக்குப் பரிகாரம் இல்லை. ஆனால் 2000இல் இருந்தது எது, 2015இல் வந்தது எது என்று பார்த்தால், 'அறிவியல் மாறிவிட்டது' என்ற வாக்கியமே குழப்பம். முதலில் இருந்தது நிபுணர்களின் கருத்து. கேட்க அறிவுள்ளதாக இருந்தது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு சோதனை இல்லை, எனவே பிழைவரம்பும் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட யோசனை. சோதனை வந்ததும் கோட்டைக் கழற்றவேண்டியதாயிற்று. உணவு ஆலோசனைகளில் இந்த ரகம் ஏராளம் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அடிக்கடி மாறுபவை எவை என்று பட்டியல் போட்டால், அளக்காமல் சொன்னவைதான் அதில் நிரம்பும்.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு. அறை வெப்பநிலையில் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாத பொருள், கண்டதாக ரங்கா டயஸ் நேச்சர் இதழில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து அதே கூற்றோடு எல்கே-99 என்ற பொருள் வந்தது. அது மோசடி அல்ல, அவசரம். காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் கருநிறத் துண்டின் வீடியோ உலகைச் சுற்றியது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதே பொருளைச் செய்து பார்த்தார்கள். மீக்கடத்தல் இல்லை. மின்தடை சட்டென விழுந்ததற்குக் காரணம் செம்பு சல்ஃபைடு என்ற கலப்படம். சுமார் 104 டிகிரி செல்சியஸில் அது தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும். ஆகஸ்ட் பாதியில் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்தவர் செய்து பார்க்க முடிந்ததால் மூன்றே வாரத்தில் தோற்றது. அப்படிச் செய்து பார்க்க வழியே இல்லாத கூற்றுகள் மூவாயிரம் ஆண்டு தோற்காமல் இருப்பதில் அதிசயம் ஏதுமில்லை.

இனி நம் வீட்டு விஷயம். 'மாத்திச் சொல்றவங்களை எப்படி நம்பறது' என்று கேட்பவர்களில் பலர், கீழடி அகழாய்வுக்கு வந்ததும் குரலை மாற்றிக்கொள்கிறார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னதும் நெஞ்சு நிமிர்கிறது. சிவகளை அகழாய்வின் கி.மு. 3345க்கு இன்னும் நிமிர்கிறது. பெருமைப்படட்டும். அந்த எண்கள் எப்படி வந்தன என்றும் கேட்கட்டும்.

பழம்பொருளில் எஞ்சிய கரிமம்-14ஐ அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பை உருவாக்கிய வில்லார்ட் லிபி, 1949இல் எகிப்தியக் கல்லறை மரங்களை வைத்து அதைச் சோதித்தார். 1960இல் நோபல் பரிசு பெற்றார். காற்றில் கரிமம்-14இன் அளவு எக்காலத்திலும் ஒன்றுபோல் இருந்தது என்பது அவருடைய அனுமானம். தவறான அனுமானம். பழைய எகிப்திய மாதிரிகள் வரலாற்றாசிரியர்கள் சொன்ன வயதைவிட இளமையாக வந்துகொண்டிருந்தன. கலிஃபோர்னியாவின் வெண்மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழும் பைன் மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி வயது குறிக்கப்பட்ட மரத்துண்டுகளில் கரிமம்-14ஐ அளந்து, 1960களின் இறுதியில் ஹான்ஸ் சூயஸ் ஒரு திருத்தக் கோடு வரைந்தார். அதன்படி பழைய தேதிகள் பல நூறு ஆண்டு பின்னுக்குப் போயின; ஐரோப்பாவின் பெருங்கற்கல்லறைகள் சில பிரமிடுகளைவிட மூத்தவை என்று ஆயிற்று. அந்தக் கோடு இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது. கடைசிப் பெரிய பதிப்பு 2020இல் வந்தது. இந்தத் திருத்தக் கோடு இல்லாமல் கீழடியின் கரித்துண்டுக்கு வயது சொல்ல முடியாது. அதாவது, 'மாற்றிச் சொன்னார்கள்' என்று எதை ஏளனம் செய்கிறார்களோ, அந்த மாற்றத்தின் மேல்தான் 580 நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அந்தத் திருத்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. காற்றில் கரிமம்-14 அந்தக் காலத்தில் ஏறி இறங்கிய விதத்தால், நானூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த மரங்கள் ஏறக்குறைய ஒரே வயதைக் காட்டும். உலகெங்கும் இரும்புக்காலத் தொல்லியலாளர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. கீழடியின் 580 இந்தத் தட்டைப் பகுதிக்குள் விழுகிறது. ஒற்றை ஆண்டாக மேடையில் முழங்கத் தோதான எண் அல்ல அது. இரண்டு பக்கமும் வால் உள்ள எண். மண்ணடுக்கு வரிசை, பானை ஓட்டின் வகை, மேலும் மேலும் மாதிரிகள் என்று சேர்த்துத்தான் அந்த வாலைக் குறுக்க முடியும். கீழடியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. தட்டைப் பகுதியின் எந்த முனையில் வைத்தாலும் வைகைக் கரையில் எழுத்தும் செங்கல்லும் புழங்கிய ஊர் ஒன்று இருந்ததை யாரும் அழிக்க முடியாது.

2025இல் மத்தியத் தொல்லியல் துறை, கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தரும்படி கேட்டபோது இங்கே எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. அதில் எனக்கும் பங்குண்டு. காலக்கணிப்பில் ஐயம் உள்ளவர்கள் அறிக்கையின் வாக்கியங்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. இன்னொரு குழியிலிருந்து இன்னொரு கரித்துண்டை எடுத்து, தமக்கு வேண்டாத ஆய்வகத்துக்கே அனுப்பிப் பார்க்கலாம். அந்தச் சவாலை விடும் தகுதி, வருகிற எண் எதுவானாலும் அதன் பிழைவரம்போடு ஏற்றுக்கொள்ள முன்கூட்டியே சம்மதிப்பவருக்குத்தான் உண்டு. 'எல்லாம் நம்பிக்கைதான் சார்' என்று தேநீர் இடைவேளையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தவர், கி.மு. 580ஐ எந்த உரிமையில் கையில் எடுக்கிறார்?